மண்ணை இளக்க வந்த விறகு

அசரியா பென்னிமன் போதகர் செத்துப்போன வாரம், அவருடைய பள்ளிக்கூடத்தில் நான்கு பேர் எழுந்து நின்று பேசினார்கள். நான்கு பேரும் அவரைச் சாந்தமானவர் என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் வீட்டில் ரொட்டி சுட்டு, சட்டை தைத்து, சாம்பல் அள்ளி என் தலை நரைத்தது. அவர் சாந்தமானவர் இல்லை. அவர் பகை வைத்தார், ஒழுங்காக வைத்தார். ஒரு போதகருக்கு அது அழகா என்று கேட்பவர்கள் ஹார்லோ ஊரில் ஒரு பனிக்காலம் இருந்துவிட்டு வந்து கேட்கட்டும்.

அவர் அப்பாவுக்குக் கல் விளையும் நிலம். நாலு பையன்களில் மூன்றாமவர் இவர். உழுதால் கலப்பை கல்லில் மாட்டும். இவர் கலப்பையை விட்டுவிட்டு, அந்தக் கல் எந்த மலையிலிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டு நிற்பாராம். 'இவன் ஏருக்கு ஆகமாட்டான், கல்லூரிக்கு அனுப்பு' என்று அவர் அம்மாதான் சொன்னாளாம். பனிக்காலத்தில் கிராமத்துப் பள்ளிகளில் பாடம் சொல்லிக்கொடுத்து, அந்தக் கூலியில் படித்தார். எந்த ஊரில் தங்கினாலும் அந்த ஊர் ஆற்றின் பெயர், ஆலை எத்தனை, மண் கறுப்பா மணலா, ஜனங்கள் வழக்குக்குப் போகிறவர்களா என்றெல்லாம் விசாரிப்பார். விசாரிக்கிற குணம் பிறவியிலேயே வந்தது. பிற்பாடு அது எதற்கு ஆயிற்று என்பதுதான் கதை.

ஹார்லோ சபை அவரைப் போதகராக அழைத்தது. எங்கள் பக்கத்தில் ஒரு போதகரை அழைத்தால் சாகும்வரை அவர்தான், கல்யாணம் மாதிரி. சம்பளம், ஒரு வீடு, பனிக்காலம் முழுக்க எரிக்க விறகு. இதுதான் பேச்சு. விறகுப் பொறுப்பு, சபைக் காரியங்களைக் கவனிக்கிற டீக்கன் யோதாம் குரோவெல் கையில். மர அறுப்பு ஆலை அவருடையது, காட்டில் பாதி அவருடையது, சபையில் முதல் பெஞ்சு அவருடையது. ஜெபம் ஆரம்பித்தால் பீன்ஸ் பானை ஆறிப்போகும்வரை ஜெபிப்பார்.

போதகரின் மனைவி கெத்சீயா. நான் அந்த வீட்டுக்கு வேலைக்கு வந்தபோது அவளுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. சபையில் சிரிக்கக்கூடாத இடத்தில் சிரிப்பு வந்துவிடும் அவளுக்கு. என் விலாவில் இடித்து என்னையும் சிரிக்க வைப்பாள். மாவு பிசைய அவளுக்கு வராது, ஆனாலும் பக்கத்தில் வந்து நிற்பாள். ஒருநாளும் என்னை வேலைக்காரி என்று யாரிடமும் சொன்னதில்லை. அவள் முதல் பிள்ளை உண்டானபோது வீட்டில் நாங்கள் மூன்று பேரும் ஆடாத குறை.

அந்த வருஷம் வந்த விறகு பச்சை. அன்றைக்கு வெட்டி அன்றைக்கே ஏற்றிய ஊசியிலை மரம். அடுப்பில் வைத்தால் நுனியில் தண்ணீர் கொப்புளிக்கும், சீறும், வீடு முழுக்கப் புகையும். சூடு மட்டும் வராது. போதகர் இரண்டு தடவை மரியாதையாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு நானே ஆலைக்குப் போனேன். டீக்கன் நாலு ஆட்களோடு நின்றுகொண்டிருந்தார்.

"டீக்கன், அந்த வெறகு பச்ச. அடுப்புல வச்சா அழுவுது, எரிய மாட்டேங்குது."

"ஊதணும்மா தாமரி. ஊதாம எது எரியும்? வேலைக்கு வந்த பொண்ணு நீதான ஊதணும்."

"உங்க வீட்டுல யாரு ஊதுறா? காஞ்ச மேப்பிள் கட்ட எரியற வாசன ரோடு வரைக்கும் வருது."

"சபை வெறகு தர்றேன்னுச்சு, தந்துடுச்சு. காஞ்சு கெடக்கணும்னு யாரும் கையெழுத்துப் போடல" என்றார் டீக்கன். ஆட்கள் பக்கம் திரும்பி, "போதகரய்யாவுக்குக் குளிருதுன்னா நரகத்தப் பத்தி ஒரு பிரசங்கம் எழுதச் சொல்லு. எழுதுற கையாச்சும் சூடேறும்" என்றார்.

அத்தனை பேரும் சிரித்தார்கள். அவர்கள் முகம் ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சபைக்கு என்று வருஷம் முழுக்க உலர்த்தி வைத்திருந்த மேப்பிள், ஊர்க் கோடியில் இருந்த சாராய ஆலைக்கு வண்டி வண்டியாகப் போய்க்கொண்டிருந்தது. அது ஊருக்கே தெரியும். ஊருக்கே சாராயமும் வேண்டியிருந்தது.

மைக்கூட்டில் மை உறைந்துபோன வாரத்தில் கெத்சீயாவுக்கு வலி கண்டது. நாற்காலிகளை உடைத்து எரித்தோம். வேலிக் கம்புகளைப் பிடுங்கி எரித்தோம். போதகர் புத்தக அலமாரியைக் கோடாலியால் பிளந்தார். புத்தகங்கள் தரையில் கிடந்தன. பிள்ளை நீலமாகப் பிறந்து, அழாமலே போயிற்று. அவளுக்கு நடுக்கம் நிற்கவில்லை. நான் அவளோடு போர்வைக்குள் படுத்துக் கட்டிக்கொண்டேன். "தாமரி, கால் எங்க இருக்குன்னே தெரியல" என்றாள், சிரிக்கப் பார்த்தாள். அந்த வாரம் முடிவதற்குள் அவளும் போனாள்.

தரை இரும்பாக இறுகிக் கிடந்தது. குழி தோண்டுகிறவர்கள், பனி இளகும்வரை பெட்டியைக் களஞ்சியத்தில் வைக்கலாம் என்றார்கள். டீக்கன் குரோவெல் விடவில்லை. போதகர் மனைவி காத்துக் கிடந்தால் சபைக்கு என்ன மரியாதை என்றார். மண்ணை இளக்க அவரே ஒரு வண்டி விறகு அனுப்பினார்.

காய்ந்த மேப்பிள். கணீர் கணீரென்று ஒன்றோடொன்று மோதுகிற விறகு. காலையில் மூட்டினார்கள், சாயங்காலம் வரை எரிந்தது. சுற்றி நின்ற ஜனங்கள் சூடு தாங்காமல் பின்னால் நகர்ந்தார்கள். போதகர் மட்டும் கிட்டேபோய் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். அந்தப் பனிக்காலத்தில் அவர் கை சூடு கண்டது அன்றைக்குத்தான்.

"நல்லா எரியுது" என்றார்.

"எல்லாம் தேவ சித்தம் ஐயா" என்றார் டீக்கன்.

"வெறகு யாரோடது?"

"நம்மளோடதுதான். உங்களுக்காகத்தான் குடுத்தேன்."

போதகர் தலையை ஆட்டினார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அழுகை இல்லை. ஓர் ஊருக்குள் புதிதாக நுழையும்போது ஆறு எது, ஆலை எது என்று பார்ப்பாரே, அந்தப் பார்வை.

அடுத்த ஞாயிறு பிரசங்க பீடத்தில் ஏறி, வேத வசனம் எதுவும் எடுக்காமல், நடந்ததை நடந்தபடி சொன்னார். எந்த விறகு எங்கே போனது, எது தன் வீட்டுக்கு வந்தது, எது குழிக்கு வந்தது. முதல் பெஞ்சு எழுந்து வெளியே போயிற்று. சபையின் சமாதானத்தைக் கெடுத்தார் என்று டீக்கன் பிராது கொடுத்தார். சுற்று வட்டாரத்துப் போதகர்கள் விசாரிக்க வந்தார்கள், டீக்கன் வீட்டு அடுப்பின் முன்னால் உட்கார்ந்து வாத்துக்கறி சாப்பிட்டார்கள், பென்னிமன் போதகரை விலக்கினார்கள். மனைவி செத்த துக்கத்தில் புத்தி கலங்கிப் பேசினார் என்று எழுதியும் வைத்தார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கெத்சீயா தேவ சித்தத்தால் செத்தாள், புருஷனுக்குப் பைத்தியம். அத்தோடு கணக்கு முடிந்தது என்று ஓர் ஊரே நிம்மதியாகத் தூங்கப் போயிற்று.

"இத மறக்க விடமாட்டேன் தாமரி" என்றார் வண்டியில் ஏறும்போது. அவருடைய விதவை அக்காவும் எங்களோடு வந்து சேர்ந்தாள், ஊர் வாய்க்கு வேலை இல்லாமல் போயிற்று. நான் ஏன் கூடப் போனேன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் மறப்பதாக இல்லை.

வெல்பி ஊரில் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். நல்ல வாத்தியார். பிரம்பைத் தொடமாட்டார், பிள்ளைகள் எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும், ஓர் எழுத்து பிசகினால் மறுபடி முதலிலிருந்து. ஒரு விஷயத்தில் மட்டும் அவரோடு மல்லுக்கட்ட முடியாது. வகுப்பறை அடுப்பு வெடிக்கிற மாதிரி எரிய வேண்டும். பிள்ளைகள் வியர்த்துச் சட்டை நனைந்து மயங்கி விழுந்தாலும் இன்னொரு கட்டையைப் போடுவார்.

அங்கேதான் அந்தப் புத்தகத்தைத் தொடங்கினார். மாநிலத்து ஊர்கள் எல்லாவற்றையும் அகர வரிசையில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் மண், ஆறு, ஆலை, சாலை, ஜனங்களின் குணம். ஒவ்வோர் ஊருக்கும் கீழே பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிக்கக் கேள்வியும் விடையும். 'ஊர் அகராதி' என்று பெயர். ஊர் ஊராகக் குதிரையில் போனார். போக முடியாத ஊர்களுக்குக் கடிதம் எழுதினார். போதகர்களும் வைத்தியர்களும் சத்திரக்காரர்களும் பதில் போட்டார்கள். ஹார்லோவுக்குப் போட்ட கடிதம் மட்டும் பிரிக்காமல் திரும்பி வந்தது. வாங்குகிறவர் தபால் கூலி கொடுக்க வேண்டிய காலம் அது. கொடுக்க ஒருவரும் தயாராக இல்லையாம்.

"அவங்க ஊரப் பத்தி எனக்கே தெரியும்" என்று கடிதத்தை அடுப்பில் போட்டார்.

புத்தகம் அச்சாகி வந்தது. நகரத்துப் பெரிய மனிதர்கள் புகழ்ந்தார்கள், பள்ளிகள் வாங்கின. ஹார்லோ ஊர்ப் பள்ளிக்கு மட்டும் ஒரு பெட்டி நிறைய இலவசமாக அனுப்பினார், தபால் கூலியும் தானே கட்டி. ஹார்லோக்காரர்களை அவருக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. விலை கொடுத்து வாங்கியிருந்தால் ஒவ்வொரு பக்கமும் பார்த்திருப்பார்கள். சும்மா வந்தது என்பதால் திறந்துகூடப் பார்க்காமல் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டார்கள். வாத்தியாராக வந்த வெளியூர் இளைஞனுக்குப் பழைய கதை ஒன்றும் தெரியாது, புத்தகத்தில் இருந்ததை அப்படியே மனப்பாடம் பண்ண வைத்தான். 'பழைய போதகர், பாவம், பகையெல்லாம் மறந்துட்டார் போல' என்று டீக்கன் சபையில் நன்றி வேறு சொன்னாராம்.

பனிக்காலம் முடிகையில் பள்ளியில் பரீட்சை நாள். ஊரே வந்து உட்காரும். பிள்ளைகள் எழுந்து ஒப்பிக்கும். என் தங்கை ஹார்லோவில்தான் இருந்தாள். அவள் பிள்ளையைப் பார்க்க என்று சொல்லிக்கொண்டு நான் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். முன்னால் டீக்கன், கைத்தடியில் தாடையை ஊன்றிக்கொண்டு. அவருடைய பேத்தி ரோதை எழுந்து நின்றாள். சுத்தமான உச்சரிப்பு, வெண்கலக் குரல்.

வாத்தியார் கேட்டார்: "ஹார்லோவில் மிகுதியாக உள்ள மரம் எது?"

"ஹார்லோவில் மிகுதியாக உள்ளது மேப்பிள் மரம்."

"அம்மரம் எவற்றிற்குப் பயன்படுகிறது?"

"காய்ந்த மேப்பிள் சாராயம் காய்ச்சுவதற்கும், போதகர் மனைவியைப் புதைக்க மண்ணை இளக்குவதற்கும் பயன்படுகிறது."

"போதகர் வீட்டில் எரிப்பது எது?"

"பச்சை விறகு. ஆகையால்தான் மேற்கண்ட குழி தேவைப்பட்டது."

குழந்தை முட்டியை மடக்கி வணங்கிவிட்டு, பாராட்டுக்காகத் தாத்தாவைப் பார்த்தாள். டீக்கன் முகத்தைப் பார்த்த பிறகுதான் வாத்தியாருக்கு ஏதோ தப்பு என்று உறைத்தது. பின்னால் யாரோ ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

"இத யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தது?" டீக்கன் கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"புக்குல இருக்கு தாத்தா. எல்லா ஊருப் பிள்ளைங்களும் படிக்குது."

எனக்கு இனித்தது. பொய் சொல்வானேன், வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி இருந்தது. பாவம் அந்தக் குழந்தை என்று வீடு திரும்பும் வழியில்தான் தோன்றிற்று, அதுவும் கொஞ்ச நேரம்.

பெட்டிப் புத்தகங்களை ஹார்லோக்காரர்கள் எரித்தார்கள். மாநிலம் முழுக்க இருந்ததை எரிக்க முடியுமா? சந்தைக்கு மாடு ஓட்டி வருகிறவர்கள் ஹார்லோ வண்டியைக் கண்டால் "வெறகு காஞ்சிருக்காப்பா?" என்று கத்துவார்கள். அதைவிடப் பெரிய அடி, பிரசங்க பீடத்தில் விழுந்தது. பென்னிமனுக்குப் பின் வந்தவர் நெஞ்சுச் சளியோடு ஓடிவிட்டார். அதற்கப்புறம் வருஷக்கணக்கில் ஒருவரும் நிலைக்கவில்லை. இளம் போதகர்கள் வருவார்கள், இரண்டு ஞாயிறு பிரசங்கம் பண்ணுவார்கள், வீட்டைச் சுற்றிப் பார்க்கிற மாதிரி பின்பக்கம் போய் விறகைத் தூக்கி முகர்ந்து பார்ப்பார்கள். சின்ன வயதில் அந்தப் பாடத்தை ஒப்பித்தவர்கள் அவர்கள். மறுநாள் வண்டி கட்டச் சொல்வார்கள். ஊரில் கல்யாணத்துக்கு ஆள் இல்லை, ஞானஸ்நானத்துக்கு ஆள் இல்லை. குரோவெல் வீட்டுப் பெரிய அம்மாள், டீக்கனின் மனைவி, செத்தபோது ஜெபம் சொல்ல ஆள் கிடைக்காமல் மகனே ஏதோ வாசித்துப் புதைத்தானாம்.

அந்த அம்மாள் செத்ததற்கு அடுத்த பனிக்காலத்தில் ஒரு காலை, எங்கள் வாசலில் சறுக்கு வண்டி வந்து நின்றது. நிறைய மேப்பிள். டீக்கன் தனியாக ஓட்டி வந்திருந்தார். கிழடு தட்டியிருந்தது, மூக்கு சிவந்து ஒழுகியது.

"போதகரப் பாக்கணும் தாமரி."

"பாருங்க. உள்ள நல்லா சூடா இருக்கு. நாங்க வாங்கற வெறகு."

டீக்கன் உள்ளே வந்தார். போதகர் எழுந்திருக்கவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. அடுப்புச் சூட்டில் டீக்கனின் கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டித் தரை நனைந்தது, துடைப்பது நான்.

"புதுப் பதிப்பு போடுறீங்கன்னு கேள்விப்பட்டேன். எங்க ஊரு பாடத்த நீங்க திருத்தணும் ஐயா. ஊரு செத்துக்கிட்டிருக்கு."

"அதுல என்ன தப்பு இருக்கு? சொல்லுங்க, திருத்தறேன்."

டீக்கன் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"பச்சை வெறகுங்கறது தப்பா?"

"இல்ல."

"தெரியாம போட்டீங்களா?"

"தெரிஞ்சுதான். காஞ்சதுக்கு சாராயக்காரன் கூட விலை குடுத்தான். இவ்ளோ தூரம் ஆகும்னு நெனைக்கல. நீங்க இளவட்டம், தாங்கிப்பீங்கன்னு நெனச்சேன்."

"தேவ சித்தம்னீங்களே."

"என் சித்தம்தான் ஐயா."

போதகர் கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை வருஷம் இந்த மூன்று வார்த்தைக்காகத்தான் ஊர் ஊராகக் குதிரை ஓட்டினார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மன்னித்துவிடப் போகிறார் என்று பயந்துபோனேன்.

"வண்டில இருக்கறது எனக்கா?" என்றார் கண்ணைத் திறந்து.

"உங்களுக்குத்தான். நல்லா காஞ்சது."

"எனக்குக் குளிரல. குளிர்ல போனவ அங்க இருக்கா. அவ கல்லறைக்குக் கொண்டுபோய் இறக்குங்க. நீங்களே இறக்குங்க, ஆள் வைக்காம. பகல்ல. அப்புறம் பாடத்தத் திருத்தறேன்."

டீக்கன் போனார். ஹார்லோ கல்லறைத் தோட்டம் சபைக்கூடத்துக்கும் கடைக்கும் நடுவில் இருக்கிறது. ஊர் முழுக்க ஜன்னலில் நிற்க, அந்தக் கிழவர் பனியில் முட்டி புதைய, ஒவ்வொரு கட்டையாகத் தூக்கிக் கெத்சீயாவின் கல் பக்கத்தில் அடுக்கினாராம். நடுவில் ஒருமுறை விழுந்தாராம். மகன் உதவிக்கு ஓடினான், போ என்று தள்ளிவிட்டாராம். தங்கை சொன்னாள். அந்த விறகை எடுக்க ஹார்லோவில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை. அங்கேயே மக்கிப் போயிற்று.

புதுப் பதிப்பு வசந்தத்தில் வந்தது. பழைய மூன்று கேள்விகளும் அப்படியே இருந்தன. கீழே நான்காவது ஒன்று:

"இக்குற்றத்தை ஒப்புக்கொண்டவர் யார்?"

"டீக்கன் யோதாம் குரோவெல். ஒரு வண்டி காய்ந்த விறகை அக்கல்லறையின்மேல் தம் கையால் அடுக்கினார். அங்கு கிடப்பவளுக்கு அது பயன்படவில்லை."

முதல் பதிப்பில் அவர் பெயர் இல்லை. அவர் வந்ததனால்தான் பெயரே ஏறிற்று. டீக்கன் மறுபடி வரவில்லை. முதல் பெஞ்சிலும் உட்காரவில்லை, கடைசி வரிசைக்குப் போய்விட்டார் என்று கேள்வி. "சொன்னபடி செஞ்சாரே, பாவம், அந்தப் பாடத்த எடுத்துருக்கலாமே" என்று போதகரின் அக்கா அழுதாள். "திருத்தறேன்னேன், திருத்தினேன்" என்றார் போதகர். சூப் கேட்டார்.

அதற்குப் பிறகு ஹார்லோவுக்கு ஓர் இளம் போதகர் வந்து நிலைத்தார். அவர் மனைவிக்கு முதல் பிரசவம். கைராசி உள்ளவள் என்று யாரோ சொல்லி என்னை அழைத்தார்கள். பனிக்காலம்தான், மை உறைகிற குளிர்தான். பழைய வீட்டுக்குள் கால் வைக்க எனக்கு மனமில்லை. வைத்தேன். பின்பக்கக் கொட்டகையில் கூரை முட்ட மேப்பிள், போன வருஷமே பிளந்து உலர்த்தியது. இலை உதிர்வதற்கு முன்பே குரோவெல் பையன்கள் கொண்டுவந்து அடுக்கிவிடுகிறார்களாம், யாரும் கேட்காமலே. கெத்சீயா கிடந்த அதே அறையில் அந்தப் பெண் வேர்த்துக்கொண்டு, "ஜன்னலத் தொறங்கக்கா, வேகுது" என்று சண்டை பிடித்தாள். பிள்ளை சிவப்பாகப் பிறந்து ஊரைக் கூட்டியது. நான் அதைத் துடைத்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கொட்டகைக்குப் போய் விறகின்மேல் உட்கார்ந்து அழுதேன்.

திரும்பி வந்து போதகரிடம் எல்லாம் சொன்னேன். அப்போது அவருக்கு உடம்பு சரியில்லை, அடுப்போரமே கட்டில் போட்டிருந்தோம். மூன்றாம் பதிப்புக்கான தாள்கள் போர்வைமேல் கிடந்தன. ஜன்னலைத் திறக்கச் சொல்லிச் சண்டை போட்டாள் என்றதும் சிரித்தார். அப்புறம் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கிற்று.

எனக்கே என்னவோ ஆகிவிட்டது. "போதும் ஐயா. இந்தப் பதிப்புல அந்தப் பாடத்த எடுத்துடலாமே" என்றேன். நான்தான் சொன்னேன், வேறு யாரும் இல்லை.

சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "எடுத்தா அடுத்த வருஷமே அந்தப் பொண்ணுக்குப் பச்ச வெறகு வரும், தாமரி."